குரூப் 4: முதல்முறை எழுதப் போகிறவர்களுக்கு

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், நேர்முகத் தேர்வு கிடையாது, ஒரே ஓர் எழுத்துத் தேர்வு. டிஎன்பிஎஸ்சி எனப்படும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு ஊரெங்கும் ஆள் திரளுவதற்கு இந்த மூன்றும் போதும். 2022-இல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 2025-இல் அறிவிக்கப்பட்ட 3,935 இடங்களுக்கு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இந்த எண்களைக் கேட்டதுமே பலருக்குக் கை தளர்ந்துவிடுகிறது.

தளர வேண்டாம். விண்ணப்பித்தவர்களில் பெரும் பகுதியினர் "எழுதித்தான் பார்ப்போமே" என்று வருகிறவர்கள். லட்சக்கணக்கானோர் தேர்வுக்கூடத்துக்கே வருவதில்லை. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ், சமூக அறிவியல் புத்தகங்களை ஒரு பக்கம் விடாமல் மூன்று முறை படித்து முடித்தவர்கள் மிகச் சிலரே. உண்மையான போட்டி அவர்களோடுதான். அந்தச் சிலரில் ஒருவராவதற்கு அபார மூளை தேவையில்லை. எடுத்ததை முடிக்கும் பிடிவாதம் தேவை. இந்தக் கட்டுரை அதற்கான வழியைச் சொல்கிறது.

தேர்வு எப்படி இருக்கும்?

மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் 100 கேள்விகள் தமிழ். அடுத்த 75 பொது அறிவு. கடைசி 25 கணக்கும் திறனறிவும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

தமிழ்ப் பகுதியில் 150-க்குக் குறைந்தது 60 எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மொத்தத்தில் 90 மதிப்பெண் குறைந்தபட்சத் தகுதி. இந்த 60, 90 எல்லாம் வாசலைத் தாண்டுவதற்கு மட்டும்தான். வேலை கிடைக்கத் தேவையான கடைசி மதிப்பெண், அதாவது கட்-ஆஃப், இதிலிருந்து வெகு உயரத்தில் இருக்கும். ஒரே மதிப்பெண்ணில் பெருங்கூட்டம் நிற்கும் தேர்வு இது. ஒரு கேள்வி கூடினால் தரவரிசையில் எத்தனையோ பேரைத் தாண்டிவிடலாம்.

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் என்று பல பணிகளுக்கும் இந்த ஒரே தேர்வுதான். கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மற்ற பெரும்பாலான பணிகளுக்கு 18 போதும். உச்ச வயது வரம்பு பணிக்கும் வகுப்புக்கும் ஏற்ப மாறுவதால், அதை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிக்கை வந்த பிறகு படிக்கத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 2025-இல் அறிவிக்கை ஏப்ரல் 25-ஆம் தேதி வந்தது, தேர்வு ஜூலை 12-ஆம் தேதி நடந்தது. நடுவே பதினோரு வாரம்தான். அவ்வளவு குறுகிய காலத்தில் ஒருமுறை படிக்கலாம், திருப்பிப் பார்க்க நேரம் இருக்காது. ஆணையம் ஆண்டுதோறும் தேர்வுக் கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்து ஆறு மாதமாவது முன்னால் தொடங்குங்கள்.

புத்தகத்துக்கு முன்னால் சான்றிதழ்

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிடுகின்றன. நான் முதலிலேயே வைக்கிறேன். நல்ல மதிப்பெண் எடுத்தும் காகிதத்தில் கோட்டைவிட்டு நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

முதலில் ஆணையத்தின் இணையதளத்தில் நிரந்தரப் பதிவு. கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் எப்படி உள்ளனவோ அப்படியே பதியுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். கணினி மையத்துக்காரர் தம்முடைய எண்ணைக் கொடுத்து முடித்துவிட்டால், பின்னால் வரும் அழைப்பெல்லாம் அவருக்குத்தான் போகும்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். திருமணமான பெண்கள் கவனிக்க வேண்டும்: சான்றிதழ் தந்தையின் பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. ஆதரவற்ற விதவை என்ற பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையொப்பமிட்ட சான்றிதழை முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. பலர் பத்தாம் வகுப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதும் என்று எண்ணுகிறார்கள். குரூப் 4 தேர்வுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஓர் ஊரில், உயர்நிலைப் பள்ளி வேறோர் ஊரில் என்றால், இரண்டு தலைமையாசிரியர்களிடமும் ஆணையம் தந்திருக்கும் படிவத்தில் சான்று வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும். பழைய பதிவேட்டைத் தேட நாளாகும். ஆகவே இந்த வாரமே போங்கள்.

தட்டச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025 அறிவிக்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் தட்டச்சருக்கு உரியவை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியவர்கள் மட்டும் போட்டியிடுவதால், அங்கே கட்-ஆஃப் கணிசமாகக் குறைகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை இந்தத் தேர்வை நடத்துகிறது. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ தட்டச்சுப் பயிலகம் இருந்தால் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அறிவிக்கை தேதியன்று தகுதி கையில் இருக்க வேண்டும் என்பது விதி. பிறகு தேறினால் அடுத்த தேர்வுக்குத்தான் உதவும். இருபது வயதில் இருக்கும் ஒருவர் என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால், தட்டச்சில் சேரச் சொல்வேன்.

தமிழ்: பாதித் தேர்வு இதுதான்

"நமக்குத் தெரிந்த மொழிதானே" என்று தமிழை ஒதுக்கிவைத்து, இந்திய வரலாற்றிலும் அறிவியலிலும் மாதக்கணக்கில் மூழ்குகிறவர்கள் ஏராளம். 100 கேள்வி தமிழில் வருகிறது. அறிவியலில் 5. இந்தக் கணக்கை மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

2025 தேர்வுக்கு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் தமிழ்ப் பகுதியை வெகுவாக மாற்றிவிட்டது. முன்பு எந்த நூலை எழுதியவர் யார், எந்த அடைமொழி யாருக்கு என்ற வகைக் கேள்விகள் நிறைய இருந்தன. இப்போது இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் 15. மொழியைப் பிழையின்றிக் கையாளத் தெரிகிறதா என்பதே இப்போது முக்கியச் சோதனை. நாளை ஒரு மனுவைப் படித்துக் குறிப்பெழுத வேண்டிய ஊழியரைத் தேர்ந்தெடுப்பதற்கு இது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் கடைகளில் பழைய பாடத்திட்டத்து வழிகாட்டி நூல்கள் இன்னும் விற்கின்றன. அட்டையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

பள்ளித் தமிழ்ப் புத்தகங்களில் ஒவ்வொரு இயலின் முடிவிலும் "மொழியை ஆள்வோம்", "மொழியோடு விளையாடு", "கலைச்சொல் அறிவோம்" என்று சில பக்கங்கள் உண்டு. பள்ளியில் படிக்கும்போது ஆசிரியர்கள்கூட வேகமாகக் கடந்துவிடும் பக்கங்கள் அவை. புதிய பாடத்திட்டத்துக்கு அந்தப் பக்கங்கள்தான் உயிர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அவற்றை மட்டும் தனியே எடுத்து, பயிற்சிகளைக் கையால் எழுதி முடியுங்கள். தேடுபொறி, தொடுதிரை, கடவுச்சீட்டு போன்ற கலைச்சொற்களை ஆங்கிலச் சொல் ஒருபுறம், தமிழ்ச் சொல் மறுபுறம் எழுதி ஒரு சிறு நோட்டு தயார் செய்யுங்கள். பஸ்ஸில் போகும்போது புரட்டலாம்.

இலக்கணத்தை மனப்பாடம் செய்ய முயன்றால் குழம்பும். எடுத்துக்காட்டிலிருந்து விதிக்குப் போங்கள். "படித்த", "படித்து", "படித்தான்", "படித்தவன்" என்று ஒரே வேரிலிருந்து நான்கு சொற்களை எழுதுங்கள். முதலாவது பெயரெச்சம், அடுத்தது வினையெச்சம், பிறகு வினைமுற்று, கடைசியில் வினையாலணையும் பெயர். இதேபோல் நட, வா, கொடு, காண் என்று பத்து வேர்ச்சொற்களுக்கு எழுதிப் பார்த்தால் இந்தப் பகுதியில் எப்படிக் கேட்டாலும் விடை வரும். "செந்தமிழ்" என்பதைச் செம்மை + தமிழ் என்று பிரிக்கத் தெரிந்தவர், "கருங்குவளை" வந்தால் தயங்கமாட்டார். இல்லாத சொல்லை நுழைத்து ஏமாற்றும் விடைகளும் வரும். ஆகவே பரவை, பறவை, அலை, அழை, மனம், மணம் என்று ஒலி நெருங்கிய சொற்களைப் பொருளோடு எழுதிப் பழகுங்கள்.

வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்குத் தனிப் புத்தகம் வேண்டாம். நாளேட்டின் தலையங்கத்தைத் தினமும் படித்து, முடித்ததும் அதன் கருத்தை மூன்று வரியில் எழுதுங்கள். அந்த 15 கேள்விக்கும் பழகிவிடும், நடப்புச் செய்திகளும் மனத்தில் தங்கும். இலக்கியத்தில் திருக்குறளுக்கு முதலிடம் கொடுங்கள். தமிழிலும் வரும், தமிழ்நாட்டு வரலாற்றுப் பகுதியிலும் வரும்.

பொது அறிவு: ஒரு பக்கத்தை எப்படிப் படிப்பது?

75 கேள்விகளின் பங்கீடு: தமிழ்நாட்டின் வரலாறும் பண்பாடும் சமூக அரசியல் இயக்கங்களும் 20, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, இந்திய ஆட்சியியல் 15, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, புவியியல் 5, அறிவியல் 5. முதல் மூன்றில் மட்டும் 55 கேள்விகள். உங்கள் நேரத்தையும் இதே விகிதத்தில் பிரியுங்கள்.

படிக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் நீதிக்கட்சி பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். வெறுமனே வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முடியும், மாலைக்குள் மறந்துபோகும். கையில் பென்சிலோடு படியுங்கள். 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். 1920 தேர்தலில் வெற்றி. 1921-இல் அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை. அதே ஆண்டு பெண்களுக்கு வாக்குரிமை. 1924-இல் பணியாளர் தேர்வு வாரியம். அது 1929-இல் சென்னை மாகாணப் பணியாளர் தேர்வாணையமாக வளர்ந்தது. நீங்கள் எழுதப்போகும் தேர்வை நடத்தும் ஆணையத்தின் முன்னோடி அதுதான்.

இப்போது வகுப்புவாரி அரசாணையைப் பிடித்துக்கொண்டு முன்னே நகருங்கள். அது என்ன ஆனது? செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதன் விளைவாக அரசியலமைப்பின் முதல் திருத்தம் அதே ஆண்டு வந்தது. அங்கே நீங்கள் ஆட்சியியல் பாடத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். அங்கிருந்து 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, ஒன்பதாவது அட்டவணை, 76-ஆவது திருத்தம், 1994. ஒரு பக்கத்தில் தொடங்கி மூன்று பாடங்களைத் தொட்டுவிட்டோம். இப்படிச் சங்கிலியாகப் படித்த செய்தி மறக்காது. பொருத்துக, காலவரிசைப்படுத்துக, கூற்று–காரணம் ஆகிய கேள்விகளுக்கு இந்த முறை கைகொடுக்கும்.

வளர்ச்சி நிர்வாகத்துக்கு அரசுத் திட்டங்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15, மதுரை. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15, காஞ்சிபுரம். புதுமைப் பெண் 2022 செப்டம்பர் 5. யாருக்கு, எவ்வளவு, எப்போது, எங்கே என்ற நான்கும் இருந்தால் போதும்.

புத்தகங்கள் எல்லாம் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயினும் முடிந்தால் அச்சுப் புத்தகமாக வாங்குங்கள். தங்கை, தம்பியின் பழைய புத்தகமும் சரிதான், பதிப்பு மட்டும் புதிய பாடநூலாக இருக்கட்டும். கைபேசியில் படித்தால் கோடிடவும் முடியாது, வரும் அழைப்புகளிலிருந்து தப்பவும் முடியாது.

கணக்கு

இருபத்தைந்து கேள்வி, 37.5 மதிப்பெண். பள்ளியில் கணக்கைக் கண்டு ஓடியவர்கள் இதை மொத்தமாகக் கைவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கட்-ஆஃபை எட்டுவது மிகக் கடினம். விழுக்காடு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும், எண் தொடர், பகடை. வட்டம் அவ்வளவுதான்.

விலை 20 விழுக்காடு ஏறி, பின் 20 விழுக்காடு இறங்கினால் என்ன ஆகும்? பலர் பழைய விலையே என்பார்கள். 100 ரூபாயை வைத்துப் போடுங்கள்: 120, அதில் 24 குறைந்து 96. ஆக 4 விழுக்காடு இழப்பு. 10,000 ரூபாய்க்கு 10 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுக்குத் தனிவட்டி 2,000, கூட்டுவட்டி 2,100, வேறுபாடு 100. இப்படிச் சிறிய எண்களை வைத்து ஒவ்வொரு வகையையும் புரிந்துகொண்டபின் சூத்திரத்துக்குப் போங்கள். தினம் பத்துக் கணக்கு, ஒரு நாளும் விடாமல். ஞாயிறு மட்டும் நூறு கணக்குப் போடுவதால் பயனில்லை.

நேரம், இடம், துணை

வேலைக்குப் போகிறவர்களும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் நாளுக்குப் பத்து மணி நேரம் படிக்க இயலாது. மூன்று மணி நேரம் போதும், தவறாமல் நடக்க வேண்டும். விடியலில் ஒன்றரை மணி நேரம் தமிழ் அல்லது கணக்கு, இரவில் ஒன்றரை மணி நேரம் பொது அறிவு. படித்ததை மறுநாள் பத்து நிமிடம், வார இறுதியில் ஒருமுறை, மாத இறுதியில் ஒருமுறை திருப்புங்கள். புதிய பாடத்தைத் தள்ளிப்போட்டாலும் திருப்புதலைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் தன்னார்வப் பயிலும் வட்டம் இயங்குகிறது. பயிற்சி இலவசம். நகராட்சிகள் பலவற்றில் அறிவுசார் மையங்கள் திறக்கப்பட்டுள்ளன. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. கடன் வாங்கித் தனியார் பயிற்சி மையத்துக்குக் கொட்ட வேண்டிய அவசியம் இந்தத் தேர்வுக்கு இல்லை என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் சிறு குழு போதும். டெலிகிராமில் வரும் கோப்புகளைச் சேகரிப்பதைப் படிப்பு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

யாராவது பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னால் அந்த நிமிடமே விலகுங்கள். 2019 குரூப் 4 தேர்வில் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் நடந்த முறைகேடு வெளிவந்தபோது 99 பேருக்கு ஆணையம் வாழ்நாள் தடை விதித்தது. கொடுத்த பணமும் போயிற்று, எதிர்காலமும் போயிற்று.

மாதிரித் தேர்வும் தேர்வு நாளும்

ஆணையமே பழைய வினாத்தாள்களை விடையோடு வெளியிடுகிறது. கடைசி இரண்டு மாதத்தில் வாரம் ஒரு முழுத் தேர்வு எழுதுங்கள். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, வட்டங்களை நிரப்பி விடை குறிக்கும் ஓஎம்ஆர் தாளின் நகலில், கறுப்பு மைப் பந்துமுனைப் பேனாவால். வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்திலேயே டிக் அடிப்பது தேர்வாகாது. 200 வட்டங்களை நிரப்ப மட்டும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தவறிய கேள்விகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: படிக்காதது, படித்தும் மறந்தது, கேள்வியைச் சரியாக வாசிக்காதது. "பொருந்தாதது எது" என்பதைப் "பொருந்துவது" என்று படித்து இழக்கும் மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். அதைத் திருத்தப் புதிதாக எதுவும் படிக்க வேண்டியதில்லை.

தேர்வில் தமிழை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுப் பொது அறிவுக்கு வாருங்கள். கணக்குக்கு நாற்பது நிமிடமாவது மிஞ்ச வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகளோடு, "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவதாக ஒரு வட்டமும் இருக்கும். எந்தக் கேள்வியையும் வெற்றாக விடக்கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது அது. தவறுக்கு மதிப்பெண் கழியாதபோது அந்த ஐந்தாவது வட்டத்தை நிரப்புவதால் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. பொருந்தாதவற்றை நீக்கிவிட்டு மிஞ்சியதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விடைத்தாள் நிரப்புவது பற்றி ஹால் டிக்கெட்டில் தந்திருக்கும் அறிவுரைகளை முதல் நாளே வரிவரியாகப் படித்துவிடுங்கள். வாயில் மூடும் நேரமும் அதில் இருக்கும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

தேர்வு முடிந்த பிறகு

சில நாட்களில் உத்தேச விடைகள் வெளியாகும். ஆணையத்தின் விடை தவறு என்று தோன்றினால் பாடநூல் பக்கத்தை ஆதாரமாகக் காட்டி, குறித்த நாட்களுக்குள் இணையவழியில் மறுப்புத் தெரிவிக்கலாம். கூச்சப்படாமல் செய்யுங்கள். யூடியூபில் வரும் கட்-ஆஃப் ஊகங்களைப் பார்த்து மனம் உடைந்து படிப்பை நிறுத்திவிடாதீர்கள். அறிவித்த இடங்கள் பின்னர் கூடுவதுண்டு. 2024-இல் 6,244 என்று அறிவித்தது, முடிவில் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது.

தரவரிசை வந்ததும் மொத்த இடத்தைவிட வகுப்புவாரி இடத்தைக் கவனியுங்கள். சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்வார்கள், பிறகு சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் நடக்கும். கலந்தாய்வுக்கு அழைப்பு வந்தாலே வேலை உறுதி என்று பொருளல்ல, இருக்கும் இடங்களைவிடக் கூடுதலானவர்களை அழைப்பார்கள்.

உங்கள் முறை வரும்போது துறையையும் மாவட்டத்தையும் திரையைப் பார்த்து அங்கேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் யோசிக்க நேரம் இருக்காது. வருவாய்த்துறையா, பள்ளிக்கல்வியா, நீதித்துறையா. சொந்த மாவட்டம் இல்லாவிட்டால் பக்கத்தில் எது. பதவி உயர்வு எங்கே விரைவாக வருகிறது என்று அந்தந்தத் துறையில் பணியாற்றுகிறவர்களிடம் முன்பே விசாரித்து, பத்து விருப்பங்களை வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். நாள்தோறும் கலந்தாய்வு முடிந்ததும் மிச்சமுள்ள இடங்களின் பட்டியல் வெளியாகும்போது, அந்தத் தாளில் தீர்ந்துபோனவற்றை அடித்துவிட்டு அடுத்ததைச் சேருங்கள்.